பதினைந்தாவது கட்டு

மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அந்தக் கட்டின் முன்னால் குனிந்து நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் சர்வேயரம்மா.

கண்டக்டர் பத்தடி தள்ளி நின்றார். மூக்கின் மேல் கைக்குட்டை, கைக்குட்டையின் மேல் இரண்டு கைகள்.

"சம்பந்தி, இப்படிக் கிட்ட வந்து பாருங்க."

"வேணாம் சம்பந்தி. எனக்கு இங்கிருந்தே முழுசா கிடைக்குது."

அது பழைய காகிதக் கட்டு. மெஷினில் அமுக்கி, நீல நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கயிற்றை அறுத்தால் உள்ளே காய்ந்த காகிதம் மட்டுமே இருக்க வேண்டும். இருந்ததோ வாழைப்பழத் தோல், பாதி கடித்த ரொட்டி, டீத்தூள், ஜூஸ் ஒட்டிய கப்புகள், யாரோ கழற்றி எறிந்த ஒற்றைச் செருப்பு. எல்லாம் காகிதத்தோடு சேர்ந்து நசுங்கி ஊறிப்போயிருந்தன.

சர்வேயரம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சர்வேயரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தேழு வருடம் எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, பொய் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் அவரை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை. கண்டக்டர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். கண்டக்டருடைய மகன் சர்வேயரம்மாவின் மகளைக் கட்டியிருக்கிறான். மற்ற சம்பந்திகள் நல்ல நாள் பார்த்துச் சந்தித்துக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் அடுத்தவர் வம்பில்தான் சந்தித்துக்கொள்வார்கள். எதற்கு மாமாவையும் இழுத்துக்கொண்டு அலைகிறாய் என்று மகள் கேட்டால், "அவர்கிட்ட ஸ்கூட்டர் இருக்கு" என்பார் சர்வேயரம்மா. அது பாதி உண்மை.

இன்றைய வம்பைக் கொண்டுவந்தவர் ஷெட் அக்கா. ஆற்று ஊரில் குப்பை தரம் பிரிக்கும் ஷெட்டின் சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கிய வயது, வெயில் பழகிய முகம். அவருக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். பகல் பதினோரு மணிக்கு அதே ஊரிலிருந்த சர்வேயரம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எங்க ஷெட்டை மூடப் போறாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதவர் அவர்தான்.

விஷயம் இதுதான். மேட்டு ஊர், ஆற்று ஊர், துறைமுக ஊர் ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மூன்றும் தனித்தனியாகக் குப்பையோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போனவை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்றும் ஒன்றுகூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. காகிதம் முழுவதும் துறைமுக ஊருக்கு, பிளாஸ்டிக் முழுவதும் மேட்டு ஊருக்கு, கண்ணாடி முழுவதும் ஆற்று ஊருக்கு. ஓடுவது ஒரே லாரி. காலையில் மேட்டு ஊரில் கிளம்பி, ஆற்று ஊரில் நின்று ஏற்றிக்கொண்டு, துறைமுகக் காகித ஆலையில் வந்து இறக்கும். திரும்பும்போதும் வண்டி காலியாகப் போகாது. எந்த ஊர்க் கட்டு எது என்று தெரிய ஆளுக்கு ஒரு நிறக் கயிறு. மேட்டு ஊருக்குப் பச்சை, ஆற்று ஊருக்கு நீலம்.

கட்டுக்குள் ஈரக் குப்பை இருந்தால் அந்த ஊருக்கு ஒரு சிவப்புச் சீட்டு. மூன்று சிவப்புச் சீட்டு வாங்கினால் அந்த ஊர் ஏற்பாட்டிலிருந்து வெளியே போக வேண்டும். மூன்று வாரத்தில் மூன்று நீலக் கட்டுகள் நாறின. மூன்றாவது இப்போது ஆலை யார்டில் சர்வேயரம்மாவின் முன்னால் திறந்து கிடந்தது.

"என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தர ஆய்வாளர் வந்து நின்றார். மேட்டு ஊர்க்காரர். மூன்று ஊரும் சேர்ந்து அவரை அந்த வேலைக்குப் போட்டதற்குக் காரணம், தன் சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்ட மனிதர் என்ற பெயர்தான். அரைக்கைச் சட்டை, காதில் பென்சில், இரண்டு பக்கமும் எழுதி முடித்த காகிதங்கள் வைத்த பழைய ஃபைல், அது பிரிந்துபோகாமல் இருக்கச் சுற்றிக் கட்டிய நீலக் கயிறு, கையில் சிவப்புச் சீட்டுப் புத்தகம்.

"இன்னும் ஒண்ணும் இல்லைங்க. அறுத்த கயிறு எங்க?" என்றார் சர்வேயரம்மா.

"கயிறா? குப்பை உள்ள கிடக்கு. நீங்க கயிறைத் தேடுறீங்க!"

"குப்பையை இத்தனை பேர் பாத்தாச்சு. கயிறை ஒருத்தரும் பாக்கல. அதான்."

ஆய்வாளர் யார்டின் மூலையில் தொங்கிய சாக்கைக் காட்டினார். "அதுல இருக்கும். இங்க ஒரு முழக் கயிறு கூட வெளிய போகாது. எதையும் வீணாக்கக் கூடாதுங்கறதுதான் இந்த ஏற்பாட்டுக்கே உயிர்." சொல்லும்போது அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நல்ல மனுஷன்தான், ஆனா டிக்கெட் இல்லாத குழந்தையைக் கூட நடுவழியில இறக்கி விட்டுருவாரு" என்று கண்டக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

சர்வேயரம்மா சாக்கிலிருந்து மேலாகக் கிடந்த நீலக் கயிறுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் விரல் இடுக்கில் விட்டு உருவினார். நாலாவது கயிற்றில் விரல் நின்றது. ஈரமும் டீத்தூளும் ஒட்டியிருந்த கயிறு அது. திரும்பவும் ஒரு முறை உருவிப் பார்த்துவிட்டு, சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன சம்பந்தி?"

"முடிச்சு."

"கயிறுன்னா முடிச்சு இருக்கத்தானே செய்யும்?"

"ஒண்ணு இருக்கணும். இதுல ரெண்டு இருக்கு."

சர்வேயரம்மா பையின் வாயை இழுத்து மூடினார். கண்டக்டர் மேலே கேட்கவில்லை. இந்த அம்மாளிடமிருந்து ஒரு விஷயத்தைப் பிடுங்குவது கூட்டமான பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரரிடம் சில்லறை வாங்குவது மாதிரி என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

ஷெட் அக்கா ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. கண்டக்டர் பக்கத்தில் போய் நின்றார்.

"சாப்பிடும்மா. வெறும் வயித்துல கவலைப்பட்டா கவலை ரெண்டு மடங்கா தெரியும்."

"எப்படிண்ணே இறங்கும்? இந்த ஷெட்டு வர்றதுக்கு முன்னால நான் குப்பை மேட்டுல பொறுக்கினவ. பன்னெண்டு வருஷம். எப்பவும் புகை. என் பொண்ணு பக்கத்துல வந்து படுத்தா, 'அம்மா, உன் மேல எரியுற வாடை அடிக்குது'ன்னு தள்ளிப் படுப்பா. இப்ப கையுறை இருக்கு, தலைக்கு மேல கூரை இருக்கு, மாசம் பிறந்தா சம்பளம் இருக்கு. மூடிட்டா இருபத்திரண்டு பேரும் மறுபடி அந்தக் குப்பை மேட்டுக்குத்தான் போகணும்."

கண்டக்டருக்கு மனசு பாரமாகிப் போனதால், பாரம் தெரியாமல் இருக்க அவர் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார். எண்ண ஆரம்பித்தார். முப்பத்தொரு வருடம் தலைகளை எண்ணியவர் இப்போது யார்டில் கிடந்த கட்டுகளை எண்ணினார். பச்சை பன்னிரண்டு. நீலம் பதினாலு. அறுத்துப் போட்டதையும் சேர்த்தால் பதினைந்து.

"இன்னிக்குக் காலைல நீ எத்தனை ஏத்தினம்மா?"

"பதினாலுண்ணே. நானே பக்கத்துல நின்னு ஏத்தினேன்."

"நல்லா தெரியுமா?"

"பதினஞ்சாவது கட்டுக்குப் பேப்பர் பத்தலை. பாதியோட மெஷின்ல கிடக்கு."

கண்டக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நாற்றமெல்லாம் மறந்துபோயிற்று.

"சம்பந்தி! ஏறினது பதினாலு. இறங்கினது பதினஞ்சு. எவனோ ஒருத்தன் டிக்கெட் எடுக்காம வந்திருக்கான்!"

சர்வேயரம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தைக் கண்டக்டர் இன்னொரு முறை பார்ப்பதற்காகப் பத்து மைல் ஸ்கூட்டர் ஓட்டுவார். "இது எப்படி இவங்க யாருக்கும் தெரியாம போச்சு?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"வண்டியோட மொத்த எடையைத்தான் பாக்கறாங்க. மத்த நாள்ல இறக்கினதும் எல்லாத்தையும் அறுத்துடறாங்க. தலையை யார் எண்றா? அதுக்கெல்லாம் கண்டக்டர் வேணும்."

லாரி டிரைவர் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"வழியில எங்கெல்லாம் நின்னீங்க?"

"டீக்கடையில பத்து நிமிஷம்."

"அந்தப் பத்து நிமிஷத்துல ஒரு கட்டு ஏறியிருக்கு."

டிரைவர் பேப்பரை மடித்தார். "அண்ணே, ஒரு கட்டு இருநூறு கிலோ. டீக்கடையில அதைத் தூக்கி ஏத்த நான் என்ன கிரேனா? அதுவும் அந்த நாத்தம் பிடிச்ச கட்டு எங்க இருந்துச்சு தெரியுமா? எல்லாத்துக்கும் உள்ள, என் சீட்டுக்கு நேர் பின்னால. வழியெல்லாம் என் கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டே வந்துச்சு. கடைசியாத்தான் இறக்க முடிஞ்சுது."

"உண்மைதான். வேணும்னே அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவனும் வண்டி ஓட்ட மாட்டான்" என்று கண்டக்டர் ஒத்துக்கொண்டார். அவருடைய துப்பறிதல் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சர்வேயரம்மா இடையில் புகுந்தார். "சம்பந்தி, நீங்க போய் அந்தக் குப்பையில காகிதத்தை மட்டும் பாருங்க. எந்த ஊர் குப்பைன்னு சொல்ற மாதிரி ஏதாவது இருக்கும். நான் இவர்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு வந்துடறேன்."

"நான் குப்பைக்கு, நீங்க நிழலுக்கு. பொண்ணு வீட்டுக்காரங்கன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் இரண்டு குச்சிகளோடு கட்டின் பக்கம் போனார்.

கால் மணி நேரம் கிளறினார். ரொட்டி சுற்றிய தாள், நனைந்த விளம்பர நோட்டீஸ், பாதி கிழிந்த குறுக்கெழுத்துப் போட்டி. எட்டு கட்டத்தை யாரோ தப்பாக நிரப்பியிருந்தார்கள். அதையும் மனசுக்குள் திருத்தினார். பிறகு ஒரு சின்ன மஞ்சள் சீட்டு கிடைத்தது. அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் ஒரு கொத்தே கிடந்தது. கண்டக்டர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையாலேயே பொறுக்கினார். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு நாறுகிற கையாலேயே மீசையைத் தடவி, "அட!" என்றார்.

மணி மூன்றே முக்கால்.

கூட்டம் ஆலையின் மாடி அறையில் நடந்தது. நீளமான மேசை, மேலே ஒரு மின்விசிறி, சுவரில் மூன்று ஊர்களையும் மூன்று வண்ணத்தில் தீட்டிய வரைபடம். கூட்டுக் குழுவின் தலைவி துறைமுக ஊர்க்காரர். முன்பு மீன் ஏலம் விட்டவர். குரலும் பழக்கமும் இன்னும் மாறவில்லை.

"ஆற்று ஊருக்கு மூணு சிவப்புச் சீட்டு. விதிப்படி வெளியே போகணும். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா? ஒரு தரம்..."

"எனக்கு இருக்குங்க" என்று சர்வேயரம்மா எழுந்தார். ஷெட் அக்கா அவருடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது கண்டக்டருக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னிக்கு ஆற்று ஊர்ல ஏத்தினது பதினாலு கட்டு. இங்க இறங்கின நீலக் கட்டு பதினஞ்சு."

"எண்ணினது தப்பா இருக்கும்" என்றார் ஆய்வாளர்.

"இருக்கட்டும். அந்தப் பதினஞ்சாவது கட்டு லாரியில எங்க இருந்துச்சு? டிரைவர் சொல்லட்டும்."

கதவோரம் நின்ற டிரைவர், "என் சீட்டுக்குப் பின்னாலம்மா. கடைசியா இறக்கினேன். ஏத்தினது ஷெட்டு ஆளுங்க, நான் பாக்கல" என்றார்.

"கடைசியா இறங்குறது எப்ப ஏறியிருக்கணும்?"

கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே! "முதல்ல! உள்ள தள்ளி உக்காந்திருக்கான்னா அவன் நம்ம ஸ்டாப்புக்கு முன்னாலேயே ஏறினவன்!"

"லாரியோட முதல் ஸ்டாப் எது?" என்று சர்வேயரம்மா மெதுவாகக் கேட்டார்.

அறையில் எல்லாரும் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆய்வாளரைப் பார்த்தார்கள்.

"மேட்டு ஊரா?" ஆய்வாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊர் ஷெட்டைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்தக் குப்பை எங்க ஊர்க் குப்பைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

கண்டக்டர் பத்தொன்பது டிக்கெட்டுகளையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். தலைவி தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"இது எல்லாம் அந்தக் கட்டுக்குள்ள கிடந்துச்சு. எல்லாம் மேட்டு ஊருக்குப் போற டிக்கெட்."

"ஆற்று ஊர்லேர்ந்து தினமும் ஆயிரம் பேர் எங்க ஊருக்கு வர்றாங்க. அவங்க டிக்கெட் அவங்க ஊர்க் குப்பையில கிடக்கும். இதுல என்ன இருக்கு?"

கண்டக்டருக்கு இதைவிட இனிப்பான கேள்வியை வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. சாவகாசமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், முப்பத்தொரு வருஷம் பாத்திருக்கேன். வாங்கின டிக்கெட்டை ஏறின இடத்துல எவனும் போட மாட்டான். செக்கிங் வருவான்னு பயம். இறங்கி ரெண்டு எட்டு வச்சதும் போடுவான். இந்தப் பத்தொம்பது பேரும் மேட்டு ஊர்ல இறங்கி, மேட்டு ஊர் பஸ் ஸ்டாண்டு தொட்டியிலதான் போட்டிருக்காங்க. நம்ம ஊர் குப்பையா இருந்தா திரும்பி வர்ற டிக்கெட்டுல்ல இருக்கணும்? அது ஒண்ணு கூட இல்ல."

தலைவி தலையாட்டினார். ஆனால் ஆய்வாளர் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை.

"எல்லாம் சரி. கயிறு? எங்க கயிறு பச்சை. அந்தக் கட்டு நீலக் கயித்துல கட்டியிருந்துச்சு. எங்க ஊர்ல நீலக் கயிறு ஏது? எவனாவது வேணும்னு வாங்கிக் கட்டினான்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க. வேணும்னு செய்றவன் புதுக் கயிறு வாங்கியிருப்பான். இது பழைய கயிறு." சர்வேயரம்மா பையிலிருந்து கயிற்றை எடுத்து ஷெட் அக்காவின் கையில் கொடுத்தார். "இதுல ரெண்டு முடிச்சு இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

ஷெட் அக்கா கயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "இது எங்க முடிச்சு. நாங்க ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுப்போம். இன்னொண்ணு எங்களது இல்லைம்மா. எங்கள்ல யாரும் இவ்வளவு அசிங்கமா முடிச்சுப் போட மாட்டாங்க."

"அப்போ இந்தக் கயிறு ஒரு தடவை ஆற்று ஊர்ல நல்ல கட்டைக் கட்டியிருக்கு. இங்க வந்து அறுபட்டிருக்கு. அப்புறம் வேற ஊர்ல வேற கை இன்னொரு கட்டைக் கட்டியிருக்கு. அறுத்த கயிறு குட்டை, அதனால அந்தக் கட்டும் மத்ததைவிட ஒரு சாண் குள்ளம். சார், எங்க ஊர்ல நீலக் கயிறு ஏதுன்னு கேட்டீங்க. உங்க ஃபைலைக் கட்டியிருக்கிற கயிறு என்ன நிறம்?"

ஆய்வாளர் குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

அவருடைய கை அந்த நீலக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

"அறுத்த கயிறு மூட்டையை எங்க இறக்குவீங்கன்னு டிரைவரைக் கேட்டேன். மேட்டு ஊர்லன்னார். 'சார் வீணாக்கக் கூடாதுன்னு சொல்லி வாங்கி வச்சுக்கிறார்'னார்."

"ஆமா" என்றார் ஆய்வாளர். குரல் பாதியாகிவிட்டிருந்தது. மேசை மேலிருந்த போனை இழுத்து மேட்டு ஊர் ஷெட்டைக் கூப்பிட்டார். "நான்தான் பேசறேன்... பஸ் ஸ்டாண்டு தொட்டிப் பேப்பரை என்ன பண்றீங்க?... பிரிக்காம நேராவா?... எப்போலேர்ந்து?... எந்தக் கயித்துல?" கடைசிப் பதிலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

"மூணு வாரமா பஸ் ஸ்டாண்டு தொட்டியையும் சேத்து எடுக்கறாங்களாம். வாரத்துக்கு ஒரு கட்டு கூடுதல். பச்சைக் கயிறு எண்ணித்தான் குடுக்கறோம், அதுக்குப் பத்தலை. 'சார், கயிறு இல்லையே'ன்னு என்கிட்டதான் கேட்டிருக்காங்க. சாக்குல இருக்கறதை எடுத்துக் கட்டுங்க, புதுசு எதுக்குன்னு சொன்னது நான்தான்." அவர் ஃபைலிலிருந்து நீலக் கயிற்றை அவிழ்த்தார். "சொன்னதும் நான். அதைப் பிரிச்சுப் பாத்து மூணு தடவை சிவப்புச் சீட்டு எழுதினதும் நான்."

கண்டக்டர் வெடித்துச் சிரிக்கப் போனார். சர்வேயரம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

ஆய்வாளர் மூன்று சீட்டுகளையும் எடுத்தார். காதிலிருந்த பென்சிலால் ஆற்று ஊர் என்பதை அடித்துவிட்டு, மேட்டு ஊர் என்று மூன்றிலும் எழுதினார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க ஊர் வெளிய போகட்டும்" என்று சொல்லித் தலைவியின் முன்னால் வைத்தார். கண்டக்டருக்குச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. அந்த மனிதர் மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்தது.

தலைவி ஷெட் அக்காவின் பக்கம் திரும்பினார். "பழி சுமந்தது நீங்கதான். நீங்களே சொல்லுங்க. மேட்டு ஊர் வெளியே. ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நிறுத்துங்க" என்றார் ஷெட் அக்கா.

அதுவரை அந்த அறையில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. இப்போது எழுந்து நின்றார்.

"மேட்டு ஊர் ஷெட்டுல எத்தனை பொம்பளைங்க வேல செய்றாங்க?"

"முப்பது பேர்" என்றார் ஆய்வாளர்.

"அவங்க இதுக்கு முன்னால எங்க இருந்தாங்க?"

எந்த ஊருக்கும் ஒரு குப்பை மேடு இருக்கிறது.

"அவங்களை அங்க திருப்பி அனுப்பிட்டு நான் என் ஷெட்டுல நிம்மதியா உக்கார முடியுமா? அதுவும் இல்லாம, மேட்டு ஊர் போயிட்டா எங்க ஊர் பிளாஸ்டிக்கை யார் தலையில கொண்டு போய்க் கொட்டுறது? ஒரு ஊரை வெளிய தள்ளுற விதியை அடிங்கம்மா. தப்பு வந்தா சொல்லிக் குடுக்கறதுன்னு எழுதுங்க. மூணு ஊரும் சேர்ந்துதான் இது ஓடும்."

தலைவி தன் வாழ்நாளில் முதல்முறையாக ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். பேனாவை எடுத்து எழுதினார்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "நாளைக்கே நான் வந்து உங்க ஷெட்டுல கத்துக்கறேம்மா."

"நீங்க எதுக்கு சார்? உங்க முப்பது பேரையும் அனுப்புங்க. ரெண்டு நாள் போதும். முடிச்சும் சேத்து சொல்லித் தர்றோம்."

இந்த முறை சிரித்தது ஆய்வாளர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வெளியே வந்ததும் ஷெட் அக்கா போனை எடுத்தார். ஆற்று ஊரில் இருபத்திரண்டு பேரும் ஒரே போனைச் சுற்றி நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். "அக்கா? அக்கா, சொல்லுக்கா!" என்று ஏழெட்டுக் குரல்கள். ஷெட் அக்கா வாயைத் திறந்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்து அழுகையாக உடைந்தது. போனைக் கண்டக்டரின் கையில் திணித்துவிட்டு, சர்வேயரம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கண்டக்டர் போனைக் காதில் வைத்தார். எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினைந்தாவது கட்டையா, பத்தொன்பது டிக்கெட்டையா, நீலக் கயிற்றையா? அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கடைசியில் முப்பத்தொரு வருடப் பழக்கம்தான் கைகொடுத்தது.

"யாரும் இறங்க வேணாம்!" என்று அவர் யார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "போலாம்... ரைட்!"